தாத்தாவின் செயின் டிராக்டர்: 5 டன் பழைய இரும்பை வாங்கலாமா?

புக்கிட் மெர்தாஜாம் பையன்:

வணக்கம். இந்தக் குழுவில் எல்லாரும் காடி (கார்), மோட்டார் பற்றித்தான் பேசுகிறீர்கள். நான் கேட்கப்போவது அதைவிடப் பல மடங்கு கனம், பல மடங்கு மெதுவு. சிரிக்காமல் படித்தால் புண்ணியமாகப் போகும்.

போன மாதம் பினாங்குப் பக்கம் நிபோங் திபாலில் சித்தப்பா பேத்திக்குக் காது குத்து. சாப்பிட்ட வயிறு கனத்ததால் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்து ஓரமாகப் போனேன். மூடிப்போன ஒரு பட்டறைக்குப் பின்னால், லாலாங் புல்லுக்கு நடுவில், சங்கிலி டிராக்டர் ஒன்று நிற்கிறது. முன்னால் மண் தள்ளும் தகடு இல்லை. பின்னால் கம்பிக் கயிறு சுற்றும் வின்ச் இருக்கிறது. துருவுக்கு அடியில் மஞ்சள் தெரிகிறது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைதான் மிச்சம். மேலே இரண்டு புகைக்குழாய், ஒன்று பெரியது, ஒன்று கட்டைவிரல் தடிமனுக்குச் சற்று மேல். பெரியதன் வாயில் யாரோ கெட்டிப்பால் டின்னைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். டின் புதிது, குழாய் பழசு.

என் தாத்தா (அம்மாவின் அப்பா) 1961-லிருந்து 1978 வரை அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் செயின் டிராக்டர் ஓட்டியவர். கிழட்டுப் பால்மரங்களை (ரப்பர்) தள்ளிச் செம்பனைக்கு நிலம் திருத்துகிற வேலை. இருக்கைக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டி மாட்ட ஒரு கொக்கியைப் பற்றவைத்திருந்தார் என்று அம்மா சொல்வார். இந்த வண்டியிலும் வலது பக்கத் தகட்டில் ஒரு கொக்கி இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இடத்துக்காரத் தவுக்கே (முதலாளி) 8,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். பழைய இரும்புக்காரன் ஒருத்தன் வந்து 5 டன் தேறும் என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறானாம். எனக்கு டீசல் இன்ஜின் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். இது என்ன வண்டி? ஓடுமா? இதற்கெல்லாம் மேலே, மனைவி கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை: “இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?” ராத்திரி ஒரு மணி வரை எவனெவனோ எந்தெந்த நாட்டிலோ பழைய டிராக்டரைக் கிளப்புகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?

இன்னொன்று. தாத்தா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: “இறக்கத்துல வலத இழுத்தா இடது போகும்.” பேரன் பேத்தி முரண்டு பிடித்தால் அதைச் சொல்வார். அம்மா கல்யாணப் பேச்சின்போதும் சொன்னாராம். கெட்ட காலத்தில் நினைத்ததற்கு நேர்மாறாகத்தான் நடக்கும் என்று அதற்கு எங்கள் வீட்டில் பொருள். வேறு எங்கேயும் கேட்டதில்லை. யாராவது கேட்டிருக்கிறீர்களா?

கணக்கு அண்ணன்:

தம்பி, நான் பினாங்கு பிறை பக்கம் பழைய இரும்புக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். கிலோ ஒரு வெள்ளியைச் சுற்றித்தான் போகிறது. 5 டன் என்றால் 5,000. வெட்டுக்கூலி, லோரிக்கூலி கழித்தால் அவன் இன்னும் குறைவாகத்தான் கொடுப்பான். ஆகவே 8,000 என்பது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன விலை. அந்தக் கொக்கியை அவர் முன்னால் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்களா? பார்த்திருப்பீர்கள். லோ-லோடர் (கனவண்டி ஏற்றும் தாழ்வான லோரி) வாடகையையும் கணக்கில் சேருங்கள், சங்கிலியோடு தார் ரோட்டில் ஏற்றினால் ரோடு கிழிந்துவிடும். மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

சான் சோவ் லின் பழசு:

தம்பி, “இரண்டு புகைக்குழாய்” என்ற வரியைப் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். நான் கோலாலம்பூர் சான் சோவ் லின் சாலையில் 38 வருடம் கனரக வண்டி மெக்கானிக். இப்போது பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்துவருவதுதான் வேலை. என் பேச்சு நீளும், பசியாறிவிட்டு உட்காருங்கள்.

அந்தச் சின்னக் குழாய் ‘போனி’யுடையது. அந்தக் காலத்துக் கேட்டர்பில்லர் டீசலை நேரடியாகக் கிளப்ப முடியாது. பக்கத்திலேயே இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று உட்கார்ந்திருக்கும், பெரியவனை எழுப்புவதற்கென்றே. ஒரு வண்டிக்குள் இரண்டு இன்ஜின். அதனால்தான் இரண்டு குழாய்.

என்ன வண்டி என்பதற்குப் பெயர்த் தகடு வேண்டாம், டேப் போதும். ஒரு சங்கிலியின் நடுவிலிருந்து மறு சங்கிலியின் நடுவுக்கு அளங்கள். டி2, டி4, டி6 என்பவை கேட்டர்பில்லர் மாடல்கள், எண் ஏற ஏற வண்டி பெரிது. 1947-க்குப் பிறகு வந்த ‘யூ’ வரிசையில் 40 அல்லது 50 இன்ச் வந்தால் டி2. 44 வந்தால் டி4-இல் ஒடுக்கமானது, 6யூ. 60 வந்தால் டி4 7யூவாக இருக்கலாம், டி6 8யூவாகவும் இருக்கலாம். அப்போது இன்ஜெக்டருக்குப் போகிற குழாய்களை எண்ணுங்கள். நாலு என்றால் டி4, ஆறு என்றால் டி6. 5 டன் என்று இரும்புக்காரன் சொன்னதை வைத்தால் டி4 மாதிரிதான் படுகிறது. டி2 மூன்றரை டன்னுக்குக் கிட்டத்தான் வரும்.

7யூ என்றால் 1947-லிருந்து 1959 வரை வந்தது. உங்கள் தாத்தா ஏறி உட்கார்ந்தபோதே அது புது வண்டி இல்லை. கொக்கியைப் பற்றி ஒன்று சொல்கிறேன், மனம் வருத்தப்படாதீர்கள்: தூக்குச்சட்டிக் கொக்கி இல்லாத தோட்டத்து வண்டியை நான் பார்த்ததே இல்லை. தரையில் வைத்தால் எறும்பு ஏறும், இருக்கையில் வைத்தால் அதிர்வில் குழம்பு கொட்டும். ஆகவே கொக்கிக்காக ஒரு வெள்ளியும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே. எனக்குத் தெரிந்த பதில், அதைக் கிளப்புகிற அந்தப் பத்து நிமிடம்தான். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு டி4-ஐ வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெட்ரோல் குழாயைத் திற. சோக்கை இழு. கம்ப்ரெஷன் லீவரை ‘ஸ்டார்ட்’டில் வை, அப்போது டீசல் சிலிண்டர்களில் அழுத்தம் பிடிக்காது. போனியின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்று. (கயிற்று முனையைக் கையில் சுற்றக் கூடாது, விரலால் பிடிக்க மட்டும் வேண்டும். போனி சில சமயம் தலைகீழாக உதைக்கும். என் வலது மோதிர விரல் இன்னும் நேராக நீளாது, 19 வயதில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.) இழுத்தால் ‘பட்பட்’ என்று தும்மி, அப்புறம் பம்பரம் மாதிரி சீறும். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கிட்டப் போகிற சின்ன இன்ஜின் அது, தெரு முனை வரைக்கும் கேட்கும்.

அது சூடாகட்டும் என்று நிற்க வேண்டும். அப்புறம் பல்சக்கரத்தைக் கோத்து, போனியின் கிளட்சை மெதுவாகப் பிடித்தால், பெரிய இன்ஜின் அழுத்தமே இல்லாமல் சும்மா உருளத் தொடங்கும். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். இங்கேதான் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான், போனியின் சூடு பெரியவனுக்கும் போகும். அதன் புகை டீசலின் காற்று உள்ளே போகும் வழியைச் சூடாக்கிவிட்டுத்தான் வெளியேறும். சின்னவன் பெரியவனுக்கு ஒத்தடம் கொடுக்கிறான் என்று எங்கள் தலைமை மெக்கானிக் சொல்வார். ஆயில் அழுத்தம் காட்டும் முள் எழும்பும் வரை காத்திரு. எழும்பியதும் கம்ப்ரெஷன் லீவரை ‘ரன்’னுக்குத் தள்ளு. போனி திணறும், சத்தம் கீழே இறங்கும். டீசலைத் திற. ஒரு சிலிண்டர் பற்றிக்கொள்ளும், கறுப்புப் புகை, இரண்டாவது, மூன்றாவது. போனியைக் கோத்த பல்சக்கரம் ‘டக்’கென்று தானே விலகிக்கொள்ளும். அப்புறம் போனியை நிறுத்துவதும் சாவியால் இல்லை. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பதைக் குடித்துத் தீர்க்க விட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் பெட்ரோல் ஒழுகி அதன் ஆயிலோடு கலந்துவிடும்.

இப்போதைய எக்ஸ்கவேட்டரில் சாவியைத் திருப்பினால் திரையில் படம் வருகிறது. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் ஒரு எண்ணைக் காட்டுகிறது, அந்த எண்ணுக்குப் பொருள் தெரிந்தவன் மடிக்கணினியோடு வர வேண்டும். குறை சொல்லவில்லை, அதில் ஏசி இருக்கிறது. ஆனால் போனி சீறுகிற விதத்திலேயே அதற்கு என்ன குறை என்று நான் சொல்லிவிடுவேன். கற்றுக்கொண்டதைக் கையில் வைத்திருக்க விடுகிற வண்டி அது. மனைவியிடம் இதைச் சொல்லாதீர்கள், எடுபடாது. நான் சொல்லிப் பார்த்தவன்.

புக்கிட் மெர்தாஜாம் பையன்:

ஐயா, நன்றி. இன்று வேலை முடிந்து போய் அளந்தேன். புல்லுக்குள் பாம்பு இருக்குமோ என்று பாராங் கத்தியோடு போனேன், கம்பளிப்பூச்சிதான் ஏறியது. 60 இன்ச். இன்ஜெக்டர் குழாய் நாலு. 7யூ என்று எடுத்துக்கொள்ளலாமா?

பட்டறைக் காவலாளி ஒரு வயதானவர். பால் டின்னை அவர்தான் வைக்கிறாராம், துருப்பிடித்தால் மாற்றிவிடுகிறாராம். ஏன் என்று கேட்டேன். “மழை உள்ளே போகும்ல” என்றார். அவ்வளவுதான்.

சுங்கைபீசி அக்கா:

எல்லாரும் சத்தத்தைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசுகிறீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன்.

என் அப்பா சுங்கைபீசி பக்கம் ஒரு ஈயச்சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டினார். மேல்மண்ணைத் தள்ளுகிற வேலை. எங்கள் வீடு குழிக்குக் கூப்பிடு தூரம். காலையில் அந்தச் சின்ன இன்ஜின் கிறீச்சென்று கத்தும், அது அடங்கிப் பெரியது உறுமத் தொடங்கியதும் அம்மா உலையில் அரிசி போடுவார். கடிகாரமே வேண்டாம். அது வரைக்கும் எனக்கும் இனிய நினைவுதான்.

ஆனால் அப்பாவுக்கு 50 வயதிலேயே வலது காது முழுக்கப் போய்விட்டது. காதுக்கு எதுவும் யாரும் கொடுக்கவில்லை, பஞ்சுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தே தாரேக் (ஆற்றிய பால்தேநீர்) கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், ஒரு கையில் பிடித்தால் சிந்தும். இருக்கையிலிருந்து வந்த நடுக்கம் எட்டு மணிக்குத்தான் அடங்கும். 1985 அக்டோபரில் ஈய விலை விழுந்தது, அடுத்த வருடத்துக்குள் வேலையும் போனது. வண்டிகளை இரும்புக்கு விற்றார்கள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல், தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழி இப்போது ஏரி. சுற்றிலும் கடையும் ஹோட்டலும். என் பிள்ளைகளுக்கு அங்கே படகு சவாரிதான் தெரியும்.

வாங்காதே என்று சொல்லவில்லை, தம்பி. வாங்கினால் சத்தம் தடுக்கக் காதை மூடுகிற மஃப் வாங்கு, அதை முதலில் வாங்கு. தாத்தாவுக்குக் காது எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்டுப் பார்.

சிவப்பு டிடி9:

மஞ்சள் (கேட்டர்பில்லர்) வண்டிக்காரர்கள் எப்போதும் இப்படித்தான், உலகத்தில் வேறு வண்டியே இல்லாத மாதிரி. எங்கள் மாமா கெரிக் காட்டில் மரம் இழுத்தது இண்டர்நேஷனல் கம்பெனியின் டிடி9-இல். அதற்குப் போனியும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். ஒரே இன்ஜின்தான். முதலில் பெட்ரோலில் ஓடும், ஸ்பார்க் பிளக்கும் உண்டு. சூடானதும் லீவரைத் தள்ளினால் அதே இன்ஜின் டீசலுக்கு மாறிக்கொள்ளும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம், சத்தம் என்றால் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியின் எச்டி5. இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் ஜெனரல் மோட்டார்ஸ் டீசல். ஊளையிடுகிற நாயைப் பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கும். அதை விரும்புகிறவனும் இருக்கிறான், நான் ஒருத்தனைப் பார்த்திருக்கிறேன்.

சான் சோவ் லின் பழசு:

டிடி9-காரரே, உங்கள் வண்டியின் தலையைக் கழற்றி, பெட்ரோலுக்கு ஒரு அறை, அதைத் திறந்து மூட ஒரு வால்வு என்று சின்னதும் பெரிதுமாக இருப்பதை எல்லாம் பரப்பி வைத்து, மறுபடி பூட்டியவன் நான். கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் விரிசல் விட்டால் அழுகை வரும். இதற்கு மேல் சண்டை வேண்டாம்.

அக்கா எழுதியதற்கு எனக்குப் பதில் இல்லை. போன் மணி அடித்தால் பேரன்தான் வந்து தோளைத் தட்டுகிறான். நான் அதை எழுதாமல் விட்டது தப்பு.

தம்பி, 60 இன்ச், நாலு சிலிண்டர் என்றால் 7யூ என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போது உங்கள் பழமொழிக்கு வருகிறேன். அன்றே எழுதியிருப்பேன், அளவு வரட்டும் என்று காத்திருந்தேன்.

அது பழமொழியே இல்லை. ஓட்டுநர் பாடம். எனக்கும் அதே சொல்லில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வண்டியில் ஸ்டியரிங் வட்டம் கிடையாது. இரண்டு கைலீவர், இரண்டு கால் பிரேக். வலது லீவரை இழுத்தால் வலது சங்கிலிக்குப் போகிற சக்தி துண்டிக்கப்படும். இடது மட்டும் உந்தும், வண்டி வலதுக்குத் திரும்பும். இது சமதரையில். செங்குத்தான இறக்கத்தில் கதை வேறு. அங்கே இன்ஜின் வண்டியைத் தள்ளவில்லை. வண்டிதான் தன் கனத்தால் இன்ஜினைத் தள்ளுகிறது, இன்ஜின் இரண்டு சங்கிலியையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வலதை இழுத்தால் வலது சங்கிலியின் பிடி விட்டுப்போகும், அது கட்டவிழ்ந்த மாடு மாதிரி கீழே ஓடும். இடதை இன்ஜின் இன்னும் பிடித்திருக்கிறது. என்ன ஆகும்? வண்டி இடது பக்கம் திரும்பும். பள்ளத்துப் பக்கம் இடதாக இருந்தால் கதை முடிந்தது. அதனால் இறக்கத்தில் கையை மாற்றிப் பிடிக்க வேண்டும், அல்லது லீவரோடு அந்தப் பக்கத்துப் பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும். புது ஓட்டுநர் பதறினால் கை பழக்கத்தில் இழுத்துவிடும். அதற்காகத்தான் இதைக் காதில் ஓதிக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் தாத்தா அம்மாவின் கல்யாணப் பேச்சில் என்ன நினைத்துச் சொன்னாரோ, அது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

சங்கிலி எதற்கு வந்தது என்பதும் உங்கள் ஊரோடு சேர்ந்த விஷயம்தான். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் பக்கம் ஆற்றுப்படுகை மண், இரும்புச் சக்கர நீராவி டிராக்டர் புதைந்து போகும். சக்கரத்தை அகலமாக்கி அகலமாக்கிப் பார்த்து அலுத்துப்போய், 1904 நவம்பரில் பெஞ்சமின் ஹோல்ட் சக்கரத்துக்குப் பதில் சங்கிலியைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். படம் எடுக்க வந்தவர் கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறதே என்றார், அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1925-இல் பெஸ்ட் கம்பெனியும் ஹோல்ட் கம்பெனியும் சேர்ந்தபோது கம்பெனிக்கும் அதே பெயர். மண்மேல் அது கொடுக்கிற அழுத்தம், நடக்கிற மனிதனின் பாதம் கொடுப்பதைவிடக் குறைவு. மழைக்காலத்தில் நிபோங் திபால் களிமண்ணில் நடந்து பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். பால்மரத்தை வேரோடு பிடுங்கியதும் வீம்புக்கு இல்லை. செத்த வேர் மண்ணுக்குள் கிடந்தால் அதிலிருக்கிற நோய் புதுக் கன்றுக்குத் தாவும். கோடாரிக்காரன் மரத்தைச் சாய்ப்பான், அடிக்கட்டையை யார் எடுப்பது? உங்கள் தாத்தா எடுத்தார்.

சரி, வாங்குவதானால் பார்க்க வேண்டியவை. இன்ஜின் இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்ரெஷன் லீவரை ‘ஸ்டார்ட்’டில் வைத்து, ஃபிளைவீலைக் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டும். காவலாளி ஐயா டின் வைத்திருக்கிறார் என்பதே எனக்கு நல்ல சகுனம். இந்த நாட்டு மழையில் குழாய் வாய் திறந்து கிடந்த இன்ஜினில் பாதி வாய்க்கால் ஆகியிருக்கும். அப்புறம் ஸ்ப்ராக்கெட் (சங்கிலியை ஓட்டுகிற பல்சக்கரம்) பல். நுனி ஊசி மாதிரி தேய்ந்திருந்தால் சங்கிலிக் கண்ணிகளைக் கோக்கிற பின்னும் (ஆணி) புஷ்ஷும் (உறை) போய்விட்டது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பயமில்லை, பின்னையும் புஷ்ஷையும் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் இன்னொரு வாழ்க்கை உண்டு. மூன்றாவது, திசை கிளட்ச், கைலீவரை இழுத்தால் அந்தப் பக்கத்துச் சங்கிலியின் சக்தியைத் துண்டிப்பது அதுதான். அந்த வண்டியில் அது எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். வருடக்கணக்கில் சும்மா நின்றால் தட்டுகள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றும் தெரியாமல் விலை பேசாதீர்கள். தொட்டியில் புது டீசலை அப்படியே ஊற்றாதீர்கள், முதலில் கழுவுங்கள். இப்போது பம்பில் வருவது பாமாயில் கலந்த டீசல், தொட்டியில் படிந்த பழைய கசடை எல்லாம் இளக்கிக் கொண்டுவந்து ஃபில்டரை அடைத்துவிடும்.

பெரிய வேகம் எதிர்பார்க்காதீர்கள். கடைசி கியரில் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் நடந்தே முந்தியிருக்கிறேன், அந்தக் காலத்தில்.

புக்கிட் மெர்தாஜாம் பையன் (மூன்று மாதம் கழித்து):

ஐயா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். வாங்கிவிட்டேன். 6,300 வெள்ளி. கணக்கு அண்ணன் சொன்னபடி கொக்கிப் பக்கமே போகவில்லை, இன்ஜினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். லோ-லோடருக்கு 1,200. இப்போது சிம்பாங் அம்பாட்டில் சித்தப்பா வீட்டுப் பின்நிலத்தில் நிற்கிறது. மனைவி இன்னும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறாள், ஆனால் காது மஃப் அவள் வாங்கித் தந்தது. அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

அம்மாவைக் கேட்டேன். தாத்தாவுக்குக் காது மந்தம்தான். பேரப்பிள்ளைகள் முரண்டு பிடிக்கும்போது பாதி கேட்காமல்தான் பழமொழி சொல்லியிருக்கிறார் போல.

கடப்பாரையில் முதல் நாள் அசையவே இல்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, தினமும் மாலையில் போய் ஒரு நெம்பு. பதினேழாம் நாள் ‘கிறுக்’ என்று அரை இன்ச். அன்று இரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். போனியின் கார்பரேட்டருக்குள் குளவிக்கூடு, தீப்பொறி தருகிற மேக்னெட்டோவைப் பட்டர்வொர்த்தில் ஒரு பெரியவர் சரிசெய்து தந்தார். கயிற்றைக் கையில் சுற்றவில்லை. நாற்பதாவது இழுப்போ என்னவோ, போனி பிடித்தது. ஐயா சொன்ன அந்தப் பெருமூச்சு உண்மைதான். ஆயில் முள்ளுக்காகக் காத்திருந்தபோது யாரும் பேசவில்லை. பெரியது பிடித்ததும் பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் கூரைமேல்.

இப்போது முக்கியமானது. சமதரையில் வலதை இழுத்தால் வலதுக்குத் திரும்பியது. சரி என்று முதல் கியரில், வாய்க்காலை நோக்கி இறங்குகிற சரிவில் விட்டேன். நல்ல செங்குத்து அது. வேண்டுமென்றேதான் வலதை இழுத்தேன். ஐயா, மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை! இடது பக்கம் சரசரவென்று திரும்பி, அம்மா வைத்திருந்த வாழைக்கன்று இரண்டைப் படுக்க வைத்துவிட்டது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்து நிறுத்தினேன். அம்மா ஓடி வந்தார், கன்றைப் பார்க்கவே இல்லை. “என்னத்த இழுத்த?” என்றார். வலதை என்றேன். அங்கேயே வரப்பில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நாப்பது வருஷமா இந்த மனுஷன் வாழ்க்கைத் தத்துவம் சொல்றாருன்னு நினைச்சேனே!”

தாத்தாவின் தூக்குச்சட்டி வீட்டில் இருக்கிறது. மாட்டிப் பார்த்தோம், சரியாக உட்கார்ந்தது. எல்லாத் தூக்குச்சட்டியும் உட்காரும் என்று ஐயா சொல்வீர்கள், தெரியும்.

குறை ஒன்று: இடது லீவரை இழுத்தால் ஒன்றும் ஆவதில்லை. இடது கிளட்ச் ஒட்டியிருக்கிறது. புதுத் தட்டு எங்கே கிடைக்கும்?

சான் சோவ் லின் பழசு:

முதலில் இடது பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது என்பதற்கு மகிழ்ச்சி. சரிவில் விளையாடாதீர்கள், கிளட்ச் சரியாகும் வரை வாய்க்கால் பக்கமே போகாதீர்கள்.

புதுத் தட்டைத் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம். லீவரைப் பின்னால் இழுத்துக் கயிறு போட்டு இரண்டு நாள் கட்டி வையுங்கள், ஸ்பிரிங் அழுத்தம் இல்லாமல் இருக்கட்டும். அப்புறம் அந்த அறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, சமதரையில் முதல் கியரில் ஓட்டிக்கொண்டே, லீவரை இழுத்தபடி இடது பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். பத்தில் எட்டு வண்டி இதிலேயே விடுபட்டுவிடும். வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற திருகைக் கழற்றி மண்ணெண்ணெயை வடித்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் கழற்றுவதுதான் வழி. கழற்றினால் பழைய தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு வாருங்கள், படம் போதாது. பழைய பாகம் வைத்திருக்கிற இரண்டு கடை எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை வாருங்கள், திங்களில் கூட்டம். 11 மணிக்கு மேல் வந்தால் பேரனை அழைத்துவிட்டு நானும் வந்துவிடுவேன்.